பூம் கேட்டும் மார்ப்பிள் அம்மாவும்

காப்பார்

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் இரண்டு புகார்கள். தாமான் நுழைவாயிலில் குடியிருப்பாளர் சங்கம் பூம் கேட் போட்டிருக்கிறது. மாதச் சந்தா கட்டாத வீட்டுக்குக் கார்டு கிடையாது என்கிறார்கள். உன் அப்பா அதைச் சட்டவிரோதம் என்கிறார். இது ஒன்று. நான் கொடுத்த அகதா கிறிஸ்டி நாவலில் பாதிவரை வெறும் ஊர்வம்புதான் என்பது மற்றொன்று. முதல் புகாருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வேன். இரண்டாவது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது.

சட்டத்தை முதலில் முடிப்போம். கொண்டோவில் இருப்பவர்களை 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அங்கே பராமரிப்புக் கட்டணம் கட்டாதவரைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். விதியை மீறினால் அபராதம் உண்டு; அதுவும் 200 ரிங்கிட்டைத் தாண்ட முடியாது. நீ இருப்பதோ தெரஸ் வீடு. வாசலில் ஓடும் சாலை பொதுச்சாலை. சங்கத்தின் கையில் இருப்பது உங்கள் சம்மதம் மட்டுமே. ‘சங்கம் தீர்மானம் போட்டால் சட்டம்’ என்று பெரியவர்களே நம்புவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆனால் உன் அப்பா சொல்வதும் பாதிதான் சரி. கோத்தா டாமன்சாராவில் டி வில்லா எக்குஸ்ட்ரியன் குடியிருப்பில் ஒருவர் சந்தா கட்டுவதை நிறுத்தினார். அவருக்குக் காவலர்கள் கேட்டைத் திறந்துவிட மாட்டார்கள், அவரே திறந்துகொள்ள வேண்டியதுதான் என்றது சங்கம். அவர் வழக்குப் போட்டார். அது கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. 2015இல் அவர் தோற்றார். கேட்டைத் தானே திறப்பது சிரமம்தான், வழிமறிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ஆக, வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தால் சங்கம் மாட்டிக்கொள்ளும். உதவி செய்யாமல் நின்றால் மாட்டிக்கொள்ளாது.

வழக்கறிஞருக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. கதைக்காரனுக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒருவன் இரவு மழையில் காரை விட்டு இறங்கிக் கம்பத்தைத் தூக்குகிறான் என்று வைத்துக்கொள். காவலர் கைகட்டி நிற்கிறார். எந்த வீட்டுத் திரைச்சீலை விலகியது? யாருக்கு இரக்கம், யாருக்குத் திருப்தி? காவலரின் நோட்டில் வண்டி எண்ணும் நேரமும் இருக்கும். இந்தக் கேள்விகளுக்கான பதில் ஒன்றும் அதில் இருக்காது. இவற்றைச் சொல்வது நீ மட்டமாக நினைக்கும் வம்புதான். துப்பறியும் நாவலில் வம்பு என்பது சாட்சியம், தம்பி!

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலை உன் வயதில் நானும் விழுங்கியவன்தான். தமிழ்வாணனைக் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் நாம் விமானத்தையும் துப்பாக்கியையும் தேடுகிறோம். கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளோ தோட்டத்தில் களை பிடுங்கியபடியே கண்டுபிடிக்கிறார். 1950இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ நாவலை எடுத்துக்கொள். போருக்குப்பின் ஊருக்கு வந்தவர்களை யாருக்கும் தெரியாது. அவர்கள் தங்களைப்பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது என்று மார்ப்பிள் கவலைப்படுவார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் காப்பார் ஞாபகம்தான். முன்பு தோட்டத்து லயத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமானுக்கு வந்தபின், சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பெயரே தெரியாது. 1975இல் அரசாங்கம் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் திட்டத்தைத் தொடங்கி, ஆண்களை முறைவைத்து இரவுக்காவலுக்கு அனுப்பியது. திருடன் பிடிபட்டானோ இல்லையோ, அந்த ரோந்தில் அண்டைவீட்டார் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். இன்று அதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிறோம். பிறகு யாரையும் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

நீ அடுத்துப் படிக்கவேண்டியது 1962இல் வந்த ‘தி மிரர் கிராக்டு ஃப்ரம் சைட் டு சைட்’. மார்ப்பிளின் கிராமத்தை ஒட்டிப் புதுக் குடியிருப்பு ஒன்று எழும்பியிருக்கிறது. நம் தாமான் மாதிரிதான். அங்கே நடக்கப்போய் மார்ப்பிள் கீழே விழுகிறார். ஒரு பெண் ஓடிவந்து தூக்கி, உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கிறாள். நல்லவள், உதவி செய்யத் துடிப்பவள். அவள்தான் சாகிறாள். காரணத்தைச் சொல்ல மாட்டேன். என் நெடுநாளைய கட்சி மட்டும் இது: அக்கம்பக்கத்துக் கொலைக்கதைகளில் பெரும்பாவத்தைவிட, ‘எனக்கு மட்டும் என்ன ஆகிவிடும்’ என்று நல்லவர்கள் மீறும் சின்ன ஒழுங்குதான் ஆபத்தானது. விதியை வெறுப்பவர்களைவிட, அது தமக்கில்லை என்று நினைப்பவர்களைக் கவனி. ஒவ்வொரு தாமானிலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள். அடுத்தவர் வாசலில் கார் நிறுத்துவதும் அவர்கள்தான், கூட்டத்தில் ஒழுங்கைப்பற்றி அதிகம் பேசுவதும் அவர்கள்தான்.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் கெட்டபழக்கம் உனக்கு உண்டு என்று தெரியும். அதை விடு. வம்பு என்று தாண்டிய பக்கங்களைத் திரும்பப் படி. யார் யாரைப்பற்றி எதைச் சொல்கிறார்கள், அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுது. சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை அப்பா முடிவு செய்யட்டும். அவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது நீயும் போய்ப் பின்வரிசையில் உட்கார். கணக்கு வாசிக்கும்போது யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய தமிழாசிரியர்