குண்டுக்கு ஒரு மரச்செருப்பு

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் குறுக்கிடும் இடம் நசரத்பேட்டை. அங்கிருந்து மேற்கே காஞ்சிபுரம் பக்கம் போனால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கிய களம் அது. வடக்கே திரும்பினால் ஆவடி, டாங்கிகள் பிறக்கும் ஊர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி. ஆனால் இரண்டு இடத்து ஆயுதக்காரர்களுக்கும் தலைவலி ஒன்றுதான்: குண்டு குழலைவிடச் சிறியதாக இருந்தால் என்ன செய்வது?

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டு சிறியதாகத்தான் இருந்தாக வேண்டும். நாலு முறை சுட்டால் கரிமருந்தின் கசடு குழலுக்குள் அப்பிக்கொள்ளும். கச்சிதமான குண்டு அதன்பிறகு இறங்காது. கும்பினிச் சிப்பாய்கள் தூக்கிய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். சுடும்போது புகையின் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியே வீணாய்ப் போகும். குண்டு சுவரில் இடித்து இடித்து வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம் பறக்கும். சிப்பாய் குறிபார்த்தது வேறு எங்கோ இருக்கும்.

இதை எழுதுகிறவனிடம் துப்பாக்கியும் இல்லை, உரிமமும் இல்லை. அதனால் மொட்டைமாடியில், வயரிங் வேலைக்கு வாங்கி மீந்த பிவிசி குழாயையும் கோலிக்குண்டையும் வைத்து வாயால் ஊதிப் பார்த்தான். முதல் பாடம் தன் உடம்புக்கு: குழாயை வாயிலிருந்து எடுத்த பிறகே மூச்சை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோலி தொண்டைக்குப் போகும். வெறும் கோலி லொடலொடவென்று உருண்டு, இஷ்டப்பட்ட பக்கம் விழுந்தது. பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டை ஈரமாக்கிச் சுற்றிப் போட்டபோது, அதே மூச்சுக்கு அது எதிர்வீட்டுச் சுவர்வரை போனது. எதிர்வீட்டு அம்மா என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

அடுத்து, சின்ன கோலி ஒன்றைப் பற்பசை மூடிக்குள் உட்கார வைத்து ஊதினான். மூடியை அரத்தால் தேய்த்துக் குழாய்க்கு அளவாக்குவதற்கே அரை மணி நேரம் ஆனது. இறுக்கம் அதிகமானால் பாதியில் சிக்கிக்கொண்டது. குறைந்தால் காற்று ஒழுகியது. கோலி மூடியில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தள்ளாடியபடி போனது. மூடியோ கோலியை விடவே இல்லை, இரண்டும் ஒன்றாகவே தரையில் விழுந்தன. எதிர்க்காற்று மூடியைப் பிடித்து இழுத்துப் பிரிக்க வேண்டுமானால் வேகம் வேண்டும். வாயால் ஊதுகிற வேகம் அதற்குப் போதாது.

அந்தப் பற்பசை மூடியின் நிஜ வடிவத்துக்குப் பெயர் ‘சபோ’. பிரெஞ்சில் மரச்செருப்பு என்று பொருள். பழைய பீரங்கிகளில் உருண்டைக் குண்டின் அடியில் ஒரு மரக்கட்டையைத் தகரப் பட்டையால் கட்டினார்கள். குண்டு உருளாது, புகையும் குறைவாகவே ஒழுகும். வெடிகுண்டாக இருந்தால் அதன் திரி பீரங்கியின் வாயைப் பார்த்தபடியே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அந்தத் திரியைப் பற்றவைத்ததே சந்து வழியே கசிந்த தீதான். ஓட்டையை முழுக்க அடைத்திருந்தால் குண்டு வெடித்தே இருக்காது!

கோப்பை போன்ற இன்றைய பிளாஸ்டிக் சபோ அமெரிக்க வேட்டைக்காரர்களின் சரக்கு. தட்டையான அடிப்பாகம் கொண்ட நீளத் தோட்டாவுக்காக வந்தது. சுமார் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும், உள்ளே திருகுவரி வெட்டிய வரிக்குழலுக்கு அது பொருந்தும். உருண்டைக் குண்டுக்கு அவ்வளவு சுழற்சி வேண்டாம், 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றே தாராளம். கோப்பைக்குள் உருண்டை நடுவில் உட்காருவதும் கடினம். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் குழலில் பூசிக்கொண்டால் சுத்தம் செய்வதும் பாடு. எண்ணெய் தடவிய துணித்துண்டு இதே வேலையைப் பல நூற்றாண்டாகச் செய்துவருகிறது. நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் தேங்காய் நாரைத் திணித்ததும் இதே கணக்கில்தான். உருண்டைக்குப் பிளாஸ்டிக் கோப்பை வீண் செலவு என்பதே மொட்டைமாடி ஆராய்ச்சியின் தீர்ப்பு.

சபோ உண்மையில் ஜெயித்தது ஆவடியில் செய்யும் டாங்கிகளில். ஊரார் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் பீரங்கி 105 மில்லிமீட்டர். பின்னால் வந்த அர்ஜுனின் குழல் 120 மில்லிமீட்டர். அது எய்யும் கவசம் துளைக்கும் அம்போ அதைவிட எத்தனையோ மடங்கு ஒல்லி. திருச்சியில் டங்ஸ்டன் கலவையில் இத்தகைய அம்புகளைச் செய்யவே தனித் தொழிற்சாலை இருக்கிறது. அம்பைச் சுற்றி அலுமினிய இதழ்கள் கவ்வியிருக்கும். குழலைத் தாண்டியதும் காற்று இதழ்களைப் பிய்த்தெறிய, அம்பு மட்டும் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும். அர்ஜுனின் குழலில் வரிகள் உண்டு, வால்சிறகுள்ள அம்புக்கோ சுழற்சி ஆகாது. அதற்காகச் சபோமேல் நழுவும் வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். வளையம் சுழலும், அம்பு அவ்வளவாகச் சுழலாது.

இனி வீட்டுப் பரணுக்கு வருவோம். பயிர்க் காவலுக்கு வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் உரிமம் கட்டாயம். தாத்தா காலத்துத் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடந்தாலும் அது காலி என்று நினைக்க வேண்டாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல்லாண்டு கழித்தும் வெடிக்கும். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு, மூன்று முறை கெட்டித்தவையும் அவற்றில் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் குழல் வாய்க்கு நேரே நிற்காதீர்கள், கம்பி விட்டுக் குடையாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.