ஒரே பெயர், இரண்டு கணக்கேடு

கண்டிப் பகுதியில் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என இரு கிளைகள் உள்ள ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். இணைய உலாவிக்குள்ளேயே கடன் கணக்கைச் சேமிக்கும் அதன் மென்பொருள், கிளையின் பெயரையே தரவுத்தளத்துக்கும் வைக்கிறது. ஒருநாள் புதிய ஊழியர் பெயரைத் தட்டச்சுச் செய்கிறார். அக்குறணைக் கணக்கு வருகிறது. கட்டுகஸ்தோட்டை வெறுமையாக நிற்கிறது. முதலாளியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

கோளாறு 'தோ' என்ற எழுத்தில். யுனிகோட்டில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 2015இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட 'இன்டெக்ஸ்ட் டிபி' தரம், பெயர்களைக் குறியீடு குறியீடாகவே ஒப்பிடுகிறது. எழுத்தே இல்லாத வெற்றுப் பெயரையும் அது ஏற்கும்! இல்லாத பெயரைத் திறக்கச் சொன்னால் பிழை காட்டாது. புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கித் தரும்.

ஆகவே பதற வேண்டாம், பழைய கணக்கு முதற் பெயரில் அப்படியே இருக்கிறது. உலாவியின் தரவுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். 2018இன் இரண்டாம் பதிப்பு, உள்ளே இருக்கும் சேமிப்பகங்களின் பெயரை மாற்ற வழிசெய்தது. தரவுத்தளத்தின் பெயரை மாற்ற வழியில்லை, பிரதி எடுக்கத்தான் வேண்டும்.

மென்பொருள் செய்பவரிடம் கிளைக்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதையே தரவுத்தளப் பெயராக வைக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் திரையில் மட்டும் தெரிந்தால் போதும்.