எண்ணெய் கசிந்தால் யார் பற்றில் எழுதுவது?

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலில் பாய்ந்தது. நியாயம் கேட்ட ஊர்க்காரர்களுக்குத் தடியடியும் கைதும்தான் கிடைத்தது. 2020ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. முதலில் அறிவிச்சப்போ அரியலூரும் இருந்தது, சட்டத்தில் விட்டுட்டாங்க. பெரம்பலூர் பேச்சிலேயே இல்லை. லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாற்றங்கரையில் உழுகிற நமக்குப் பொதுச் சட்டம்தான் துணை.

அதுவும் லேசுப்பட்டது இல்லை. "விபத்துங்க, எங்க தப்பில்லை" என்ற சாக்கு செல்லாது. டில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லிவிட்டது: ஆபத்தான தொழில் நடத்துபவருக்கே முழுப் பொறுப்பு. 1996ல் நம்ம வேலூர் தோல் ஆலை வழக்கில் இன்னொரு படி போனார்கள். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட மண்ணைச் சரிசெய்யும் செலவும் கெடுத்தவர் தலையில்தான். 2010ல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இரண்டையும் எழுத்தில் வைத்திருக்கிறது (பிரிவு 17, 20). தென்னிந்திய அமர்வு சென்னையில் இருக்கு.

கெடுவை மட்டும் கோட்டை விடக்கூடாது. பாங்கில் புரோநோட்டுக்கு 3 வருஷம் என்று நாள் எண்ணிப் பழகியவன் நான். இங்கே, மாசைத் தடுக்கக் கேட்க 6 மாதம். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்க 5 வருஷம். இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல்.

கசிவு தெரிஞ்ச அன்றைக்கே தேதியோடு படம் எடுங்க. தண்ணீரை, மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் பிடிங்க. பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்க. அடங்கல் நகல், இயற்கைச் சான்றிதழ், பழைய மண் பரிசோதனை அறிக்கை, வரவு செலவு நோட்டு எல்லாம் முன்னாடியே கோப்பில் இருக்கணும். சான்றிதழ் போனால் மறுபடி மாற்றுக்காலம் ஓட்டவேண்டி வரலாம். அந்த நஷ்டத்தையும் ரூபாயில் எழுதிக் கேளுங்க.

டிக்ரி வேறு, வசூல் வேறு. அமேசான் காட்டைக் கெடுத்ததற்கு ஈக்வடார் நீதிமன்றங்கள் செவ்ரான் கம்பெனிக்குப் போட்ட தொகை சுமார் 950 கோடி டாலர். அங்கே கம்பெனிக்குச் சொத்தே இல்லை. மோசடியால் வாங்கிய தீர்ப்பு என்று 2014ல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தும் விட்டது. நைஜீரியாவின் 4 விவசாயிகள் 2008ல் அப்போது ஷெல்லின் தலைமையிடமாக இருந்த நெதர்லாந்துக்கே போய் வழக்குப் போட்டார்கள். 2021ல் ஜெயித்தார்கள், 2022ல் 1.5 கோடி யூரோவுக்கு முடிவானது. இடையில் இறந்தவர் வழக்கைப் பிள்ளை நடத்தினார். குழாயில் கசிவு காட்டும் கருவி மாட்டவும் உத்தரவு வாங்கினார்கள்.