தொண்டையில் துடிப்பதெல்லாம் சதை வளர்ச்சி அல்ல

நம்பிக்கை: தொண்டைக்குள் புடைப்பு தெரிந்தால் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

உண்மை: கத்தி படவே கூடாத புடைப்பும் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்புறக் கரோட்டிட் தமனி, பெரியவர்களுக்கு டான்சிலிலிருந்து ஏறக்குறைய 2.5 செ.மீ. பின்னால், வெளிப்பக்கமாக ஒதுங்கி மேலேறும். சிலருக்கு அது வளைந்தோ சுருண்டோ தொண்டையின் பின்சுவரை ஒட்டி வந்து நிற்கும். பிறவியிலேயே அப்படி அமையலாம். வயதும் ரத்தக்கொதிப்பும் குழாயை நீட்டி வளைக்கவும் செய்யலாம். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு அண்ணத்தில் அறுவை செய்யுமுன் தமனி எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது அதனால்தான்.

பலருக்குத் தொந்தரவே இராது. சிலர் “ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு டாக்டர்” என்பார்கள். வழுவழுப்பான புடைப்பு, நாடியோடு சேர்ந்து துடிக்கும். சீழ்க்கட்டி என்று ஊசி போட்டாலோ, சதைத் துண்டு எடுத்தாலோ உயிருக்கே ஆபத்து. எல்லாருக்கும் துடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சந்தேகம் வந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் தீர்ப்பு சொல்லும்.

நம்பிக்கை: காதுக்குள் ‘டம் டம்’ என்று கேட்டால் நரம்புத் தளர்ச்சி.

உண்மை: அந்தச் சத்தம் நாடித் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்பதே முதல் கேள்வி. ஒத்துப்போனால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தசோகையிலும் இப்படிக் கேட்கலாம். அபூர்வமாக, அதே கரோட்டிட் தடம் மாறி நடுக்காதுக்குள் ஓடும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரியும். ரத்தநாளக் கட்டியும் பார்வைக்கு அப்படியே இருப்பதால் அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். ஸ்கேன் பார்க்காமல் அங்கே கை வைக்கக் கூடாது. தமனிதான் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதே வைத்தியம்.

நம்பிக்கை: தமனி வளைந்திருந்தால் பக்கவாதம் நிச்சயம்.

உண்மை: இல்லை. கொழுப்பு படிந்து அடைப்பது வேறு, வெறும் வளைவு வேறு. ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை டான்சில் அறுவையோ, மயக்கத்துக்குக் குழாய் போடுவதோ வந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பயப்படத்தான் வேண்டுமென்றால், சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்கிறார்களே, அதற்குப் பயப்படலாம். அந்தத் திருகலில் நல்ல தமனியின் உள்சுவரும் கிழியக்கூடும். அதன்பின் ஒருபக்கக் கழுத்துவலியோடு கண்ணிமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.