காடிச் சுரையும் பூட்டூசியும்

சாவகச்சேரிப் பகுதியில் நெற்செய்கை மாரி மழையை நம்பியது. பருவத்தில் உழவு இயந்திரம் பழுதுற்றால் விதைப்புப் பிந்தும். சுக்கான் மூட்டில் சுரை கழன்றாலோ, ஓட்டுபவரின் உயிருக்கே ஊறு நேரலாம். அதிர்வினால் அது கழலாது காப்பது, சுரையின் காடியையும் மரையாணியின் துளையையும் ஊடுருவிச் செல்லும் இருகாற் பூட்டூசியே.

ஊசி இறுக்கத்தைத் தராது. ஆதலின் முதலில் சுரையை உரிய அளவு இறுக்குதல் வேண்டும். சுக்கான் மூட்டில் துளையும் காடியும் நேர்ப்படாவிடின், தளர்த்தாது அடுத்த காடிவரை இறுக்குக. பின்னர் துளைக்கேற்ற பருமனுள்ள ஊசியைச் செருகி, கால்களை விரித்து மடக்குக.

ஆணியையோ கட்டுக்கம்பியையோ ஈடாக இடலாகாது. கழற்றிய ஊசியை மீண்டும் இடுதலும் தவறு. ஒருமுறை மடித்த கால் மறுமுறை மடிக்கையில் எளிதில் முறியும். உழவு தொடங்குமுன் நாடோறும், இயந்திரத்தை நிறுத்திவைத்து, ஊசிகள் யாவும் உள்ளனவா எனப் பார்த்துக்கொள்க.