புழுதியும் போர்வையும்

வானம் பார்த்த பூமியில் உழவு என்பது மழையை மண்ணுக்குள் அழைக்கும் செயல். கோடைமழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழப்பட்ட நிலம், ஓடும் நீரைச் சால்தோறும் தடுத்து உள்வாங்குகிறது. கோரைக் கிழங்குகளும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காய்ந்து மடிகின்றன. உழுத புழுதியை உணங்கவிடுவதன் சிறப்பைத் திருக்குறளின் உழவு அதிகாரமும் பேசுகிறது.

ஆயினும் மிகையான உழவு மண்ணைத் தின்றுவிடும். உழுந்தோறும் காற்று உட்புக, நுண்ணுயிர்கள் மட்கை விரைந்து சிதைக்கின்றன; அதிலுள்ள கரிமம் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. வெப்பநாட்டில் இவ்விழப்பு இன்னும் விரைவு. புல்வேர் அறுபட உழப்பட்ட அமெரிக்கச் சமவெளிகள் 1930களின் வறட்சியில் புழுதிப்புயலாய் எழுந்தன.

திருவள்ளூரை அடுத்த வேப்பம்பட்டு வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்ப்பதுண்டு. வெற்றுச் செம்மண்ணில் விழும் பெருந்துளி மண்கட்டியை உடைத்துப் பொருக்காக்குகிறது. பின்வரும் நீர் உள்ளிறங்காமல் மேல்மண்ணுடன் ஓடிவிடுகிறது. கொள்ளு, தட்டைப்பயறு, சணப்பு போன்ற மூடுபயிர்கள் அத்துளியின் வேகத்தைத் தம் இலைகளில் தாங்குகின்றன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம், காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்குகிறது.

சிக்கலும் இங்கேதான் எழுகிறது. போர்வையாகும் பயிரும் நீர் குடிக்கும். மழை பொய்த்தால் அடுத்த பயிருக்குரிய ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக் கரிசலில் இவ்வீரத்தைக் காக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது. எனவே சணப்பை முற்றவிடாமல், ஏறத்தாழ 45 நாளில் பூக்கும் தருவாயிலேயே மடக்கி உழுவர். அப்போதும் நிலத்தில் ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் தழை மட்குவதில்லை.