மழைக்குக் கூரை, மண்ணுக்கு அரண்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் அமைந்துள்ள சிற்றூர் கம்போங் ராஜா. சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வருவோரின் கண்ணில், தேயிலைத் தோட்டங்களுக்கு முன்பே சரிவெங்கும் பரந்திருக்கும் வெண்ணிற நெகிழிக் கூரைகள் படும். அவற்றின் கீழே தக்காளி, குடைமிளகாய் முதலிய காய்கறிகள் விளைகின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த தமிழர்கள் சிலரும் இங்குச் சிறு விவசாயிகளாக உழைக்கின்றனர்.

குளிர்ந்த மலையில் பயிர்களுக்குக் கூரை எதற்கு? காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அதனால், மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. கனமழை தக்காளியை வெடிக்கச் செய்யும். தெறிக்கும் சேற்றோடு நோய்க்கிருமிகளும் இலைகளில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் நீடித்தால் இலைக்கருகல் நோய் பரவும். சில நாள்களிலேயே பல மாத உழைப்பு வீணாகிவிடும்.

எனவே, விவசாயிகள் கூரை அமைத்து, சொட்டுநீர்க் குழாய்கள் வழியாக உரம் கரைத்த நீரைப் பாய்ச்சுகின்றனர். இதனால் இலைகள் நனைவதில்லை. நீரும் உரமும் வீணாவதில்லை. மழைக்காலத்திலும் அறுவடை கிடைக்கிறது.

ஆயினும், இத்தீர்வே மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. கூரையில் விழும் மழைநீர் மண்ணில் ஊறுவதில்லை. ஒரே நேரத்தில் ஓடைக்கு விரைகிறது. மேலும், தேயிலைச் செடியின் வேர் பல்லாண்டுகள் மண்ணைப் பற்றியிருக்கும். காய்கறி நிலமோ ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் வெறுமையாகும். காடழித்துத் திறக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மண் எளிதில் அரித்துச் செல்லப்படுகிறது. கேமரன் மலையின் தென்பகுதியிலுள்ள ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களை 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் சூழ்ந்து உயிர்களைப் பறித்தது. சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்திலும் வண்டல் குவிந்துள்ளது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கூரையோரம் வாய்க்கால் அமைத்து மழைநீரைத் தொட்டியில் சேமித்தால், வெள்ளத்தின் வேகம் குறையும். வறண்ட வாரங்களில் அந்நீரே பயிருக்கு உதவும். படிக்கட்டு நிலங்களின் ஓரத்தில் புல் வளர்ப்பதும், ஓடைக்கு முன் வண்டல் குழி தோண்டுவதும், ஆற்றோரத்தைப் பயிரிடாமல் விடுவதும் மண்ணைக் காக்கும்.

இவற்றுக்குப் பணம் தேவை. நிலத்தில் நிலையான உரிமை இல்லாமல் பயிரிடும் விவசாயி, நிலம் தொடர்ந்து தன்னிடம் இருக்குமா என்று தயங்குவது இயல்பே. ஆகவே, இப்பொறுப்பை விவசாயியின் தோளில் மட்டும் சுமத்த இயலாது. அரசின் துணையும் வேண்டும்.

மாறிவரும் காலநிலையிலிருந்து பயிரைக் காப்பது அறிவுடைமை. தன் பயிரைக் காக்கும்போது, பள்ளத்தாக்கில் வாழ்பவரின் வீட்டையும் எண்ணிப் பார்ப்பதே முழுமையான உழவு.